பிழைத்து வந்தவர்களுக்கு வந்த கடிதங்கள்



போன பதிவில் தந்தியின் கதையை எழுதியபோது, "டீச்சர், அடுத்தது தபாலைப் பத்தி எழுதுங்க" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்றைய பதிவில் தபாலும் வருகிறது. ஆனால் தபாலுக்காக இதை எழுதவில்லை. விஷயம் கொஞ்சம் கனமானது, பதிவும் நீளமானது. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள். மனம் சரியில்லாமல் இருப்பவர்கள் இப்போதே படித்தாக வேண்டும் என்றில்லை, இன்னொரு நாள் படிக்கலாம். உதவி எண்களைக் கடைசியில் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஆறு மாதத்தில் நமக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில், வாழ்க்கையை முடித்துக்கொள்ள முயன்ற பிள்ளைகள் பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார்கள். எந்த வீடு, யார் என்று ஊகித்து கமெண்டில் எழுதினால் உடனே அழித்துவிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன். நான் எழுத வந்தது அந்தப் பிள்ளைகளைப் பற்றி அல்ல, நம்மைப் பற்றி. அந்த வீடுகளுக்கு நம்மில் யாரும் போவதில்லை. கேட்டால், போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஒரு கல்யாணத்தில் அந்தத் தாய்மார்களில் ஒருவர் பந்தியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

யோசித்துப் பாருங்கள். சாவு வீட்டுக்கு எப்படிப் போவது, எத்தனையாம் நாள் போவது, என்ன பேசுவது, சொல்லிக்கொள்ளாமல் எப்படிக் கிளம்புவது என்றெல்லாம் நமக்கு வழக்கம் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் இருக்கிறது, அம்மை போட்ட வீட்டுக்கும் இருக்கிறது. பிழைத்து வந்தவர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு வழக்கமும் இல்லை. ஏன் இல்லாமல் போயிற்று, உலகத்தில் வேறு யாராவது அப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்களா என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து முப்பத்தைந்து வருடம் சமூக அறிவியல் நடத்தியவள். எனக்குத் தெரிந்த வழி வரலாறுதான், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

முதலில் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டம் என்று ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு தயாரானது. 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் 309ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஒரு வருடம் வரை வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்றது. இங்கிலாந்தில் அப்போது இது குற்றம், மதத்தின் கண்ணில் பாவமும்கூட. அந்தக் கண்ணோட்டத்தைக் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். இங்கே மட்டுமா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் என் மாணவர்கள் கவனிக்க: உங்கள் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு 309 என்ற அதே எண்தான். இந்தியச் சட்டத்தை அச்சாக வைத்து அங்கேயும் வார்த்தார்கள். இலங்கையில் எண் மட்டும் வேறு, 302.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்தைக் கொண்டுவந்த இங்கிலாந்து 1961லேயே அதைக் கைவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020 ஜனவரியோடு போனது, மலேசியாவில் 2023இல். நம் நாட்டில் சட்ட ஆணையம் 1971லேயே நீக்கச் சொன்னது. அதற்கான மசோதா 1978இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறுவதற்குள் 1979இல் அவையே கலைந்து, மசோதா காலாவதியானது. 1994இல் ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்தப் பிரிவு செல்லாது என்றார்கள். ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவரை மேலும் தண்டிப்பது கொடுமை என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டே வருடம். 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். பிறகு 2008இல் சட்ட ஆணையம் மறுபடி நீக்கச் சொன்னது. 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, அது 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவர்மீது வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது பழைய 309 அதில் இடம்பெறவில்லை. ஒரு வால் மட்டும் மிச்சம். பொது ஊழியரை ஒன்றைச் செய்ய வைக்கவோ, அவர் கடமையைத் தடுக்கவோ முயன்றால் 226ஆவது பிரிவில் இன்னும் குற்றம்தான். திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிலத்தகராறோடு நிற்கிற கிழவரையும் அந்தப் பிரிவு பிடிக்கலாம். அவர் மட்டும் மன அழுத்தத்தில் இல்லையா என்பது என் கேள்வி.

இந்த 162 வருடத்தில் எத்தனை பேர் உண்மையில் சிறைக்குப் போனார்கள் என்பதல்ல விஷயம். பெரும்பாலான வழக்குகள் அபராதத்தோடோ எச்சரிக்கையோடோ முடிந்திருக்கும். அந்தச் சட்டம் செய்த வேலை வேறு. ஆஸ்பத்திரி வாசலில் காலை வைத்த நிமிடத்திலிருந்து குடும்பத்தைப் பொய் சொல்ல வைத்தது. "தெரியாம நடந்துபோச்சு சார்", "இருட்டுல பாட்டில் மாறிப்போச்சு சார்". கேஸ் ஆகிவிடும், ஏட்டு வீட்டுக்கு வருவார், தெருவே பார்க்கும் என்ற பயம். டாக்டரிடமே பொய் சொன்ன பிறகு, டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்? வயிற்றுக்குப் பார்ப்பார். மனதுக்கு யார் பார்ப்பது? நாலு நாள் கழித்துப் பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஊரும் தெரியாத மாதிரி இருந்துவிடும். அதுதான் மரியாதை என்று நினைத்தோம். வழக்கம் இல்லாமல் போன கதை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

115ஆவது பிரிவில் இரண்டாவதாக ஒரு உட்பிரிவு இருக்கிறது. அப்படி முயன்றவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்து, மறுபடி நடக்கும் ஆபத்தைக் குறைப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. தண்டிக்காதே என்ற முதல் பாதி பேப்பரில் செய்தியாக வந்தது. கவனித்துக்கொள் என்ற இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

சரி, கவனித்துக்கொள்வது என்றால் என்ன செய்வது? இங்கேதான் தபால் வருகிறது. நம் ஊரிலிருந்து ரொம்ப தூரம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். இளைஞராக இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் ராணுவத்தில் இருந்தவர். அப்போது ஊரில் அறிமுகமான ஓர் இளம்பெண் அவருக்கு விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். யாரோ ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்த இடத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் மறக்கவில்லை. பின்னாளில் டாக்டரானபோது அவரை ஒரு பிரச்சினை வாட்டியது. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, நிறையப் பேர் சிகிச்சைக்குத் திரும்பி வருவதே இல்லை. வர மாட்டேன் என்பவரை என்ன செய்வது? கையைப் பிடித்து இழுக்க முடியுமா?

1969 முதல் சில ஆண்டுகள், அந்த நகரத்து மனநல ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 3,005 பேரை அவருடைய குழு சந்தித்துப் பேசியது. வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து விசாரித்ததில், 843 பேர் தொடர் சிகிச்சையை மறுத்திருந்தார்கள் அல்லது பாதியில் விட்டிருந்தார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மறு பாதிக்குக் கடிதம் போட்டார்கள். முதல் நாலு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதற்குப் பிறகு நாலு வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று. கணக்குப் போடுங்கள்: 4, 4, 16. ஐந்து வருடத்தில் 24 கடிதம்.

கடிதத்தில் என்ன இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒன்றுமே இல்லை! இரண்டு மூன்று வரி. நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச நாள் ஆகிவிட்டது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், சந்தோஷப்படுவோம். இவ்வளவுதான். மருந்து சாப்பிடுகிறாயா என்ற கேள்வி இல்லை. எப்போது வருகிறாய் என்ற வற்புறுத்தல் இல்லை. அறிவுரை அறவே இல்லை. அச்சடித்த சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தார்கள், ஒருமுறை எழுதிய மாதிரி மறுமுறை எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைச் சந்தித்துப் பேசிய அதே ஆளின் பெயரில் கடிதம் போனது. யாராவது பதில் எழுதினால், அதற்கு ஏற்றாற்போல் அடுத்த கடிதம்.

கூடவே சுயமுகவரி எழுதிய ஒரு கவர், ஸ்டாம்பு ஒட்டாமல். கஞ்சத்தனம் இல்லை. ஸ்டாம்பு ஒட்டிய கவரை அனுப்பினால் பதில் போட்டே ஆகவேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதாதவர்களுக்கு அது இன்னொரு குற்ற உணர்ச்சி. அதுவும் வேண்டாம் என்று யோசித்திருக்கிறார்கள். தீபாவளி வாழ்த்துக்குப் பதில் வரவில்லை என்று மூன்று வருடம் கோபித்துக்கொண்டிருக்கும் நம் குடும்பத்துப் பெரியவர்கள் இதைக் கவனிக்கவும். (நானும் அந்தப் பட்டியலில் உண்டு என்று என் மருமகள் சொல்வாள். அது வேறு கதை.)

முடிவு 1976இல் ஒரு கட்டுரையாகவும், 2001இல் முழுக் கணக்காகவும் வந்தது. ஐந்து வருடத்திலும், கடிதம் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம் பெறாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. முதல் இரண்டு வருடம் ஏறத்தாழ பாதி. கடிதம் நின்ற பிறகு வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோனது. நிறுத்தினால் மறைகிறது என்பதை நான் இரண்டு தடவை படித்தேன்.

இதை வைத்துக் கடிதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பிறகு பல ஊர்களில் செய்து பார்த்தார்கள், பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் ஒரு வருடத்துக்கு எட்டு போஸ்ட் கார்டு அனுப்பியபோது, மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு தடவையாவது திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. நியூசிலாந்தில் ஓர் ஊரில் பலனே தெளிவாகத் தெரியவில்லை. ஈரானில் தெஹ்ரானில் 2,300 பேரிடம் செய்தபோது, கார்டு பெற்றவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைந்திருந்தன. அங்கே அவரவர் பிறந்த நாளுக்கும் ஒரு கார்டு போட்டார்களாம். இன்று அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான துறை, தன் உதவி எண்ணுக்கு அழைத்தவர்களுக்கு இப்படிக் கடிதம் அனுப்புகிறது. மோட்டோவின் கடிதம்தான் அது, ஐம்பது வருடம் கழித்து.

நமக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலில் கம்பினாஸ், சீனாவில் யுன்செங், ஈரானில் கரஜ், இலங்கையில் கொழும்பு, இந்தியாவில் நம் சென்னை. சென்னையில் இதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கியவர். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, வீட்டுக்குப் போகும்முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை போன் செய்தோ நேரில் போயோ விசாரித்தார்கள். 1, 2, 4, 7, 11ஆவது வாரங்களில், பிறகு 4, 6, 12, 18ஆவது மாதங்களில். முதலில் நெருக்கமாகவும் போகப் போக இடைவெளி விட்டும் இருப்பதைப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகமான காலம். நாமோ அந்தச் சமயத்தில்தான், "கொஞ்ச நாள் போகட்டும், இப்பப் போனா நல்லா இருக்காது" என்று ஒதுங்கி நிற்கிறோம்.

2008இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 மாதத்துக்குள் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 0.2. ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால் இருபத்திரண்டு பேருக்கும் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். இதற்குப் பெரிய மருந்தோ மெஷினோ தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒரு ஆள், ஒரு போன், பஸ் டிக்கெட் காசு.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உறவுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: "ஒருதடவை செஞ்சவங்க மறுபடி செய்யாம விடமாட்டாங்க." இது பொய். இப்படிப் பிழைத்தவர்களைப் பற்றி உலகம் முழுவதும் நடந்த 90 ஆய்வுகளை 2002இல் இங்கிலாந்தில் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆபத்து மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தற்கொலையால் இறப்பதில்லை. படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ரேஷன் கடையில் நம் முன்னாலேயே வரிசையில் நிற்கிறார்கள். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தெரிந்த பெயர்கள் சில உண்டு. மார்ஷா லினஹான் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும், சாக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்தும் நோயாளிகளுக்காக டி.பி.டி. என்ற சிகிச்சை முறையை உருவாக்கியவர். உலகம் முழுக்க அது பயன்பாட்டில் இருக்கிறது. நோயாளிகள் பல வருடமாக அவரிடம் சாடைமாடையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம், நீங்களும் எங்களில் ஒருவரா என்று. 2011இல், தம் அறுபத்தெட்டாவது வயதில், அவர் பொதுமேடையில் சொன்னார்: ஆமாம். 1961இல் பதினேழு வயதில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளேயே இருந்தவர். வெளியே வந்த பிறகும் உயிரை விட முயன்று பிழைத்தவர். தான் விழுந்த குழியிலிருந்து மற்றவர்களை ஏற்றிவிட ஏணி செய்திருக்கிறார். அதைச் சொல்ல எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ஹார்ட்ஃபோர்ட். பதினேழு வயதில் அவரை வைத்திருந்த அதே ஆஸ்பத்திரி.

அவ்வளவு தூரம் போவானேன். காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருப்பதை நம்மில் பலர் தாண்டிப் போயிருக்கிறோம். சிறுவனாக இருந்தபோது, எதற்கெடுத்தாலும் பெரியவர்கள் அனுமதி வேண்டியிருக்கிறதே என்ற வெறுப்பில், உறவுக்காரப் பையன் ஒருவனோடு சேர்ந்து செத்துப்போக முடிவு செய்தார். கோயிலுக்குப் போய் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு மூலையைத் தேடினார்கள். பாதியில் தைரியம் போய்விட்டது. மனது அடங்குவதற்காக ராம்ஜி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அதே அத்தியாயத்தில்தான், திருடியதை ஒப்புக்கொண்டு அப்பாவுக்கு எழுதிய கடிதமும், படுக்கையில் இருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து அதைப் படித்து, ஒரு வார்த்தையும் திட்டாமல் கண்ணீர் விட்டு, கடிதத்தைக் கிழித்துப் போட்டதும் வருகிறது. கடிதக் கதையை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். முதல் கதையைச் சொல்வது அபூர்வம். அதே பிள்ளைதான் பிறகு எழுபத்தெட்டு வயது வரை இருந்தார்.

இனி நம் ஊர்க் கதை ஒன்று. சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். அவர் பெயரோ ஊரோ வருடமோ கிடையாது. தபால் கார்டு பதினைந்து பைசாவாக இருந்த காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போன ஒரு பையன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் நடந்தது. பிழைத்துவிட்டான். வீட்டில் விபத்து என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடமும் அப்படியே சொன்னார்கள், அதற்கு ஆடு விற்ற பணம் போயிற்று. வீடு திரும்பிய பிறகு அவன் வெளியே வரவே இல்லை.

எங்களோடு ஒரு நெசவு ஆசிரியர் வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தப் பையனுக்கு ஒரு கார்டு போட்டார். ஏன் அமாவாசை என்றால், அன்றைக்கு அவர் விரதம், மத்தியானம் சாப்பாட்டு நேரம் மிச்சம். என்ன எழுதினார்? பள்ளிக்கூடப் புளியமரம் இந்த வருடம் இன்ன தொகைக்கு ஏலம் போயிற்று. மூணாம் நம்பர் தறியில் நாடா சிக்குகிறது, ஆள் வரவில்லை. மழை இல்லை. இந்த மாதிரிதான். நடந்ததைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தேர்வு எழுதச் சொல்லிக்கூட எழுதவில்லை. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சிரித்திருக்கிறோம், "சார், இதைப் படிச்சு அவனுக்கு என்ன ஆகப்போகுது?" என்று. அவருக்கு மோட்டோவும் தெரியாது, சான் பிரான்சிஸ்கோவும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு மேல் போட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. தொழில் செய்கிறார், மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பதிவுக்காக அவரிடம் போனில் பேசினேன். அந்தக் கார்டுகளால்தான் பிழைத்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஒரு மாமா கூட்டிப்போய் வேலையில் சேர்த்தது, இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டது, அம்மா ராத்திரி அவர் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தது, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு தடவை மறுபடி அந்த எண்ணம் வந்து, இந்த முறை வாயைத் திறந்து மாமாவிடம் சொன்னதையும் சொன்னார். கார்டைப் பற்றி நானே கேட்டேன். "அவர் என்ன எழுதினார்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல டீச்சர். ஆனா போஸ்ட்மேன் வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். வீட்ல அப்ப யாரும் என் பேரைச் சத்தமா சொல்ல மாட்டாங்க. அதான் ஞாபகம் இருக்கு."

இப்போது உறவினர்களுக்கு நேராகவே சொல்கிறேன். அந்த இரண்டு வீடுகளுக்கும் போங்கள். கூட்டமாகப் போக வேண்டாம், ஆளுக்கொரு நாளாகப் போங்கள். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா" என்பதை யாராவது சொன்னால் நான் பேசமாட்டேன். "உனக்கு என்ன குறை" என்பதும் வேண்டாம், குறை எதுவென்று நமக்குத் தெரியாது. புளியமரத்தைப் பற்றிப் பேசுங்கள். கூடவே இருந்து கவனிப்பவர்கள், மறுபடி அந்த எண்ணம் வருகிறதா என்று அமைதியாக, நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. ஆபத்தான பொருள்களை வீட்டில் கைக்கெட்டாதபடி பூட்டி வைக்க அந்தத் தாய்க்கு உதவி செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து போக வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அம்மாவுக்கும் தூக்கம் வேண்டும், ஒரு ராத்திரி நீங்கள் போய் அந்தப் பாயில் படுங்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள். குட்மார்னிங் ரோஜாப்பூ வேண்டாம், அது நூறு பேருக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பெயரைப் போட்டு எழுதுங்கள். ப்ளூ டிக் வந்தும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் மறுபடி எழுதுங்கள். முதல் மாதத்தில் எல்லோரும் எழுதி நாலாவது மாதத்தில் ஒருவரும் எழுதாமல் போவதுதான் நம் வழக்கம். அதனால் யார் எந்த மாதம் என்று பிரித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஆடி, ஆவணி இரண்டும் என்னுடையது.

இதைப் படிப்பவர்களில் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், அல்லது நீங்களே பிழைத்து வந்தவராக இருந்தால்: இந்தியாவில் டெலி மனஸ் 14416, நாள் முழுவதும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104. சென்னை சிநேகா 044-24640050. சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 03-76272929, இலங்கையில் 1926. ராத்திரி எத்தனை மணியானாலும் முதலில் இவற்றில் ஒன்றைக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்புங்கள். என் நம்பர் பழைய நம்பர்தான், மாறவில்லை. காதில் மெஷின் வைத்திருக்கிறேன், இரண்டு தடவை ரிங் போனால் எடுக்காவிட்டால் மூன்றாவது தடவையும் அடியுங்கள்.

மாதம் பிரித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கமெண்டில் வேண்டாம், எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். புரட்டாசிக்கு இன்னும் ஆள் இல்லை.